ஃபேஷன் பொம்மைகளில் பலவகை உடலமைப்பைச் சேகரிக்க எங்கிருந்து தொடங்குவது?

ஒல்லி இடுப்பும் நீண்ட காலுமாக ஒரே சாயலில் வரும் பொம்மைகள் உங்களுக்கு அலுத்துவிட்டன. வயிறும் தொடையும் புஜமும் உள்ள, பலவகை உடலமைப்புப் பொம்மைகளைச் சேகரிக்க விரும்புகிறீர்கள். எதை வாங்குவது, உடைக்கு என்ன செய்வது, எப்படிக் காப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்று. இந்தச் சேகரிப்பைப் பெயரையும் முகத்தையும் வைத்துத் தொடங்காதீர்கள், உடல் அச்சை, அதாவது உடல் வார்க்கப்படும் வடிவத்தை, வைத்துத் தொடங்குங்கள். ஒரே பெயரில் நான்கு உடல்கள் வருகின்றன. ஒரே உடலில் பத்து முகங்கள் வருகின்றன. உடை, செருப்பு, ஸ்டாண்டு, தலை மாற்றுவது எல்லாமே உடல் அச்சைத்தான் பின்தொடரும். அழகான முகத்துக்காக ஒரு பொம்மையை வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்த ஒரு பாவாடைகூட இல்லாமல் நிற்பது இந்தப் பிரிவில்தான் அதிகம் நடக்கிறது.

எந்தெந்த அச்சுகள் இருக்கின்றன என்று பார்ப்போம். பார்பி 1959-இல் வந்தது, உயரம் 11.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 29 செ.மீ. பல பத்தாண்டுகள் சந்தையின் அளவுகோல் அந்த ஒல்லி உடல்தான். அதற்கு மாற்றாக 1991-இல் கேத்தி மெரெடிக் என்பவர் ‘ஹேப்பி டு பி மீ’ என்ற பொம்மையைக் கொண்டுவந்தார்: அகன்ற இடுப்பு, தட்டைப் பாதம், குட்டையான கழுத்து. 1999-இல் பார்பியைச் செய்யும் மேட்டல் நிறுவனமே அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ரோஸி ஓ'டொனெலின் உருவத்தில், அவருக்கென்றே செய்த பருமனான உடலோடு ஒரு பொம்மை வெளியிட்டது. 2002-இல் டோனர் நிறுவனம் பருமனான உடலுக்குப் பெயர்பெற்ற மாடல் எம்மியின் உருவத்தில் 16 அங்குலப் பொம்மை செய்தது. 2014-இல் நிக்கோலாய் லாம், 19 வயது அமெரிக்கப் பெண்ணின் சராசரி அளவுகளை வைத்து, மக்களிடம் இணையத்தில் பணம் திரட்டி, ‘லாமிலி’யைக் கொண்டுவந்தார். தழும்பு, முகப்பரு, பிரசவக்கோடு போன்றவற்றை ஒட்டிப் பார்க்கும் ஸ்டிக்கர்களும் அதற்குத் தனியாக வந்தன.

இந்த மாற்றுப் பொம்மைகளில் எதுவும் பெரிய உடைவரிசையோடு நெடுங்காலம் ஓடவில்லை. அதனால்தான் இந்தப் பழைய பொம்மைகளை வாங்கும்போது, உடையும் செருப்பும் கூடவே இருக்கின்றனவா என்பது பெட்டி இருக்கிறதா என்பதைவிட முக்கியம். எம்மியின் உடையைத் தனியாகத் தேடுவது எம்மியைத் தேடுவதைவிடக் கடினம். அதே உயரமுள்ள மற்ற 16 அங்குலப் பொம்மைகளின் தைத்த உடைகள் அவள் இடுப்பைத் தாண்டாது.

பெரிய திருப்பம் 2016 ஜனவரியில் வந்தது. பார்பியின் ஃபேஷனிஸ்டாஸ் வரிசையில் பழைய உடலோடு கர்வி (பூசினாற்போன்றது), டால் (உயரமானது), பெட்டிட் (குட்டையானது) என்று மூன்று புது உடல்கள் சேர்ந்தன. 2017-இல் பார்பியின் ஆண் ஜோடியான கென்னுக்கும் அகலமான உடல், மெலிந்த உடல் என்று இரண்டு கூடின. 2021-இல் தொடங்கிய பார்பி லுக்ஸ் வரிசையில், சேகரிப்பாளர்களுக்கென்றே, மூட்டுகள் நன்றாக வளையும் கர்வி உடல் கிடைத்தது. 2022-இல் புதுப்பிறவி எடுத்த மான்ஸ்டர் ஹை என்ற பொம்மை வரிசையில் டிராகுலாரா பூசினாற்போன்ற உடம்போடு வந்தாள். 2023-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பார்பி, குட்டையான உடலும் நீண்ட மேலுடம்புமாகத் தனி அச்சில் வந்தாள். பருமன் மட்டுமல்ல, உயரம், தோள், மேலுடம்பின் நீளம் எல்லாம் மாறும்போதுதான் அலமாரியில் ஒரு கூட்டம் உண்மையான மனிதக் கூட்டமாகத் தெரியும். அதனால் தொடக்கத்தில் கர்வி மூன்று வாங்குவதைவிட, கர்வி ஒன்று, உயரமானது ஒன்று, குட்டையானது ஒன்று வாங்குங்கள். ஒரே அளவுகோலில் இருப்பதும் நல்லது. 29 செ.மீ. பொம்மைகள் ஆறில் ஒரு பங்கு அளவு. நாற்காலி, பை, சைக்கிள் எல்லாம் அந்த அளவில் கிடைக்கும். 16 அங்குலப் பொம்மைக்கு அலமாரியின் தட்டு உயரத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

பழைய பொம்மை வாங்கும்போது முதுகில் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது அந்த அச்சுக்கு உரிமை பெற்ற ஆண்டு, பொம்மை செய்த ஆண்டு அல்ல. முதுகில் 1966 என்று பொறித்த பார்பிகள் 1990-களிலும் வந்தன. ஃபேஷனிஸ்டாஸ் பெட்டியில் உள்ள எண் அது எந்தப் பொம்மை என்று சொல்லும். எந்த உடல் என்று சொல்லாது. விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: உடையில்லாமல் முன்புறம், அதே போல் பின்புறம், கழுத்து நெருக்கத்தில், தொடையின் பின்பக்கம், உள்ளங்கால். பக்கத்தில் ஒரு அளவுகோல் இருக்க வேண்டும். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தால் தலை மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். தலை மாற்றியது குற்றமல்ல. சொல்லாமல் முழு விலைக்கு விற்பதுதான் தவறு. தொடையின் பின்பக்கம் ஏன் என்றால், அடர்நிற பேன்டின் சாயம் அங்குதான் முதலில் இறங்கும். பருமனான பொம்மையில் துணி தொடையோடு இறுக்கமாக ஒட்டியிருப்பதால் கறையும் ஆழமாக இருக்கும்.

பொம்மை கைக்கு வந்ததும் அளவெடுத்துக் குறித்து வையுங்கள். அங்குல நாடா இங்கே உதவாது, அகலமாக இருப்பதால் இடுப்பு வளைவில் படியாது. தையல் நூலைச் சுற்றி, மையால் புள்ளி வைத்து, பிரித்து அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மார்பு, மார்புக்குக் கீழ், இடை, வயிற்றின் மிக முன்தள்ளிய இடம், இடுப்பின் அகன்ற இடம், மேல் தொடை, மேல் புஜம், தோளிலிருந்து இடை வரை, இடையிலிருந்து கணுக்கால் வரை, பாத நீளம், பாத அகலம். மில்லிமீட்டரில் எழுதுங்கள். ஒரே உடல் என்று பெயரிட்டு வரும் பொம்மைகளிலும் மூட்டுள்ளதற்கும் மூட்டில்லாததற்கும் சில மில்லிமீட்டர் மாறும். இந்த அளவில் 3 மி.மீ. என்பது பொத்தான் மூடுமா மூடாதா என்ற வித்தியாசம்.

உடை விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இந்தச் சேகரிப்பைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள்.

கர்வி பார்பியின் உடல் பழைய பார்பியை அப்படியே பெரிதாக்கியது அல்ல. மார்பு அவ்வளவாக ஏறவில்லை. வயிறு, இடுப்பு, தொடை, மேல் புஜம் ஆகியவைதான் கூடியிருக்கின்றன. அதனால் பழைய பார்பியின் இழுபடும் பின்னல் துணிச் சட்டைகள் பல பொருந்தும். இழுபடாத துணியில் தைத்த பாவாடையும் பேன்டும் பொருந்தாது. கை இறுக்கமான சட்டை புஜத்தில் நின்றுவிடும். தட்டைப் பாதம் என்பதால் பழைய குதிகால் செருப்புகளும் ஏறாது. கடையில் வாங்கும் உடையில் எந்த உடலுக்கு என்று எழுதியிருந்தால் அதை நம்புங்கள். எழுதாவிட்டால் பழைய உடலுக்கென்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே தைத்தால் எல்லாம் சுலபமாகும். வடிவத்தாள் எடுக்க நல்ல வழி இது. பொம்மையின் உடலை கிளிங் ஃபிலிமால் ஒரு சுற்று சுற்றுங்கள், முடியையும் தனியாகக் கட்டி மூடுங்கள். அதன்மேல் மாஸ்கிங் டேப்பைச் சிறு துண்டுகளாக, ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி, இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் கழற்றும்போது சுருங்கி அளவு குறையும். நடு முன், நடு முதுகு, பக்கத் தையல், தோள், இடை ஆகிய கோடுகளைப் பேனாவால் வரைந்து, நடு முதுகில் கத்தரித்துக் கழற்றுங்கள். கோடுகளில் வெட்டித் தட்டையாக்கும்போது எங்கே மடங்குகிறதோ, எங்கே விரிந்துவிடுகிறதோ, அங்கே டார்ட் (துணியை ஆப்பு போல மடித்துத் தைக்கும் மடிப்பு) வர வேண்டும். இறுக்கமான பிளவுஸுக்கு மொத்தச் சுற்றளவில் 4 மி.மீ. தளர்வு போதும், சட்டைக்கு 8 முதல் 10 மி.மீ.; தையலுக்கு ஓரம் 6 மி.மீ. விடுங்கள்.

ஏற்கனவே உங்களிடம் உள்ள வடிவத்தாளைப் பெரிதாக்க வேண்டுமானால், ஜெராக்ஸில் 120 சதவீதம் என்று போடாதீர்கள். தோளும் கழுத்தும் நீளமும் சேர்ந்து பெரிதாகி, உடை தொங்கும். ஆனால் இடுப்பு அப்போதும் இறுக்கமாகவே இருக்கலாம். வித்தியாசத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தாளின் இடை 80 மி.மீ., பொம்மையின் இடை 104 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கூட்ட வேண்டியது 24. எல்லாவற்றையும் பக்கத் தையலில் சேர்த்தால் பக்கம் இறக்கை போல் விரியும், வயிற்றில் மட்டும் இழுக்கும். முன் பாகத்தில் இடமும் வலமும் நெடுக்காக வெட்டி இடையில் 5 மி.மீ. வீதம் 10 விரியுங்கள். முதுகுத் துண்டு இரண்டிலும் 3 வீதம் 6. மீதி 8-ஐப் பக்கத் தையலின் நான்கு ஓரங்களுக்கும் 2 வீதம் கொடுங்கள். முன் வெட்டுகள் தோள் வரை போகலாம், ஆனால் தோளில் விரியக் கூடாது. அங்கே காகிதம் ஒட்டியபடியே இருக்கட்டும்.

பாவாடையில் வயிறு முன்தள்ளுவதால் முன் ஓரம் மேலே ஏறி நிற்கும். நடு முன்னில் மேல்பக்கம் 3 அல்லது 4 மி.மீ. உயர்த்தி, பக்கத் தையலுக்கு வரும்போது சுழியாகும்படி வளைத்து வெட்டுங்கள். பேன்டில் இதே காரணத்துக்காக முன் கவட்டு நீளத்தைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் பேன்ட் வயிற்றுக்குக் கீழே இறங்கிவிடும். கைக்கு, கைத்துண்டின் நடுவில் நெடுக்காக ஒன்று, புஜக் கோட்டில் குறுக்காக ஒன்று என்று சிலுவையாக வெட்டி, புஜத்தில் மட்டும் விரியுங்கள். கைவளைவின் நீளம் மாறாது. கையின் மேல் குவிவு சற்றுத் தாழும், அது நல்லதுதான், கை உயர்த்தும்போது சட்டை ஏறாது.

துணியைத் தேர்வதில் ஒரு அடிப்படை உண்மை உண்டு: பொம்மை ஆறில் ஒன்றாகச் சுருங்கினாலும் துணியின் தடிமன் சுருங்காது. அரை மி.மீ. துணி அவளுக்கு 3 மி.மீ. கம்பளி. இடையில் சுருக்கு வைத்துத் தைத்தால் அந்த அடுக்குகளே இடையை ஒரு வளையமாகக் காட்டும். பூசினாற்போன்ற உடலுக்குச் சுருக்கைவிடத் தட்டையான மடிப்பு, அல்லது இடுப்பில் யோக் (உடலோடு பொருந்தும் தட்டையான மேல்துண்டு) வைத்து அதற்குக் கீழே விரியும் பாவாடை மிக அழகாக விழும். மல், வாயில், மெல்லிய காட்டன், மெல்லிய ரேயான் எல்லாம் ஏற்றவை. ஊசி 60 அல்லது 70 எண், தையல் நீளம் 1.5 மி.மீ. திறப்பு இடுப்பின் அகன்ற இடத்துக்குக் கீழே வரை போக வேண்டும். மனித உடல் போல வினைல் உள்வாங்காது. வெல்க்ரோ சுலபம், ஆனால் முடியைப் பிடித்துச் சிக்காக்கும்; சிறிய பிரஸ் பட்டனோ கொக்கியும் நூல் வளையமுமோ மேல். சட்டை மாட்டும்போது விரல்கள் துணியில் மாட்டி ஒடியாமலிருக்கக் கையின்மேல் சிறு கிளிங் ஃபிலிம் துண்டைச் சுற்றி நுழையுங்கள்.

கறுப்பு, சிவப்பு, அடர் நீலத் துணி எதுவானாலும், தைக்குமுன் தண்ணீர் தெளியும் வரை அலசி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் அது பொம்மைக்கு ஆகாது. ஒட்டாவிட்டாலும் உள்ளே வெள்ளை லைனிங் கொடுங்கள். ஏற்கனவே கறை இறங்கியிருந்தால், முகப்பருவுக்குப் பூசும் 10 சதவீத பென்சாயில் பெராக்சைடு கிரீமைக் கறையின்மேல் மட்டும் பூசி, காயாமலிருக்கக் கிளிங் ஃபிலிமால் மூடி, வெளிச்சத்தில் சில மணி நேரம் வைத்துக் கழுவி, மறுபடி செய்வது வழக்கம். முகச் சாயத்திலோ புருவத்திலோ படக் கூடாது. அடர்ந்த தோல்நிறப் பொம்மைகளில் இது வெளுத்த திட்டை உண்டாக்கும். முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சோதியுங்கள், ஐயமிருந்தால் விட்டுவிடுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம். முகச் சாயத்தை அழிப்பதோடு கடினமான மேலுடம்பின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையும் கரைத்துவிடும்.

கால்கள் பிசுபிசுப்பது இன்னொரு பெரிய தொல்லை. மென்மையான வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்கோடு அதை மென்மையாக்கும் பிளாஸ்டிசைசர் கலந்தது. சூட்டிலும் காற்றோட்டமில்லாத இடத்திலும் அது மெல்ல மேற்பரப்புக்குக் கசியும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான பாத்திரச் சோப்பும் கொண்டு கழுவித் துடைத்தால் சரியாகும், ஆனால் காலப்போக்கில் திரும்பவும் வரும். நம் கையில் இருப்பது வைக்கும் இடம்தான்: வெயில் படாத, சூடேறாத, ஈரமில்லாத அலமாரி. பிவிசி உறைகளில் போடாதீர்கள்; அமிலமில்லாத மெல்லிய தாளில் சுற்றுங்கள். பருமனான பொம்மைகளில் தொடைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அந்த இடத்தில் ஒரு தாள் துண்டு வைப்பது கட்டாயம். ரப்பர் பேண்டும் வேண்டாம், வினைலில் கோடு விழும். உலோகத் தோடு உள்ள பழைய பொம்மைகளில் காதைச் சுற்றிப் பச்சை படர்கிறதா என்று பாருங்கள். செம்பின் வேலை அது, தோட்டைக் கழற்றிவிடுங்கள்.

முடி பற்றிச் சுருக்கமாக: சரான், கனகலான், பாலிபுரோப்பிலீன் என்று செயற்கை இழைகள் பல. சரான் முடி கனமாகவும் பளபளப்பாகவும் விழும், கொதித்து இறக்கிய நீரைத் தாங்கும். கனகலான் சூட்டில் சுருண்டு பொரிந்துவிடும். பாலிபுரோப்பிலீன் உலர்ந்த, மெழுகு போன்ற தொடுகை. சூடான முடி நீட்டும் கருவியைக் காட்டினால் உருகும். எதுவென்று தெரியாவிட்டால் பிடரியில் உள்ள இரண்டு இழைகளில் சோதியுங்கள். சில பொம்மைகளின் தலைக்குள் முடியைப் பிடிக்கப் பசை ஊற்றியிருப்பார்கள். சூட்டில் அது இளகி வேர்களின் வழியே வெளியே வந்து முடியை எண்ணெய்ப் பிசுக்காக்கும். எனவே முடியின் நுனிப்பகுதியை மட்டும் வெந்நீரில் நனையுங்கள், தலையை முக்காதீர்கள்.

ஸ்டாண்டு வாங்குமுன் இடையின் அகலத்தை, சுற்றளவை அல்ல, அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். பழைய பார்பிக்கான இடைக்கவ்வி கர்வி இடையில் ஏறாது. வலிந்து ஏற்றினால் வினைலில் பள்ளம் விழும். கால்களுக்கு நடுவே தாங்கும் ஸ்டாண்டு தொடைகள் ஒட்டிய பொம்மையில் காலை விரித்து இடுப்பு மூட்டைத் தளர்த்தும். அகலமான கவ்வியுள்ள இடை ஸ்டாண்டே பாதுகாப்பு. கவ்வியின்மேல் மெல்லிய பருத்தித் துணி சுற்றுங்கள். உட்கார வைக்கும்போதும் கவனம்: தொடையின் பருமன் வயிற்றில் முட்டுவதால், சில உடல்கள் செங்கோணத்துக்கு முன்பே நின்றுவிடும். அதற்குமேல் அழுத்தாதீர்கள்.

விருப்பமான முகம் ஒல்லி உடலில்தான் இருக்கிறது என்றால், மூட்டுள்ள கர்வி உடலுக்குத் தலையை மாற்றலாம். சேகரிப்பாளர்கள் இதை ரீபாடி என்பார்கள். தலையைப் பிடித்திருக்கும் கழுத்தின் குமிழ்தான் ஆபத்தான இடம். ஹேர் டிரையரால் தலையின் அடிப்பகுதியைச் சுற்றிலும் இரண்டு மூன்று நிமிடம் சூடாக்கி, வினைல் நன்றாக இளகிய பிறகு, ஒரு பக்கத்திலிருந்து மெல்லச் சாய்த்து உருவுங்கள். நேராக இழுத்தால் குமிழ் ஒடிந்து தலைக்குள்ளேயே தங்கிவிடும். நிறப்பொருத்தத்தை மின்விளக்கில் பார்க்காதீர்கள், பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

எபாக்சி களிமண்ணால் உடலையே பருமனாக்குபவர்களும் உண்டு. இரு பாகத்தையும் சம அளவு பிசைந்து, 24 மணி நேரம் இறுக விட்டு, 220, 400, 600 என்று உப்புத்தாளால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது முகமூடியும், பிசையும்போது கையுறையும் தேவை. கடினமான மேலுடம்பில் இது நன்றாகப் பிடிக்கும், முன்கூட்டிச் சொரசொரப்பாக்கினால் போதும். வளையும் மென்மையான காலில் பிடிக்காது: வினைல் நெகிழும், களிமண் நெகிழாது, ஓரத்தில் விரிசல் விடும். மூட்டைச் சுற்றி 2 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் கை அசையாது. இப்படி மாற்றிய ஒவ்வொரு பொம்மைக்கும், எந்த உடல், எந்தத் தலை, எங்கே களிமண் சேர்த்தது என்று ஒரு சிறு அட்டையில் எழுதி, நிற்கும் ஸ்டாண்டிலேயே கட்டிவிடுங்கள். பின்னாளில் அவளை வேறொருவரிடம் கொடுக்கும்போது அந்த அட்டையும் கூடவே போக வேண்டும்.